டென்த் பி-க்கு வந்த ஏசி

அன்றைக்குத் தலைமை ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஒன்று, தலைமை ஆசிரியர். இரண்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஊரின் ஒரே மாவு மில் அவருடையது. மூன்று, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர். நான்கு, மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்திருந்த அக்கா; அவர் மகன் டென்த் பி. ஐந்து, மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரூம் பாயாக இருந்தவர். அவர் மகளும் டென்த் பி. ஆறு, நான். என் மகளும் அதே வகுப்புதான். ஆனால் என்னைப் பெற்றோர் என்று அழைக்கவில்லை, ஒயர்மேன் என்றுதான் அழைத்திருந்தார்கள். ஏழாவதாக, மேசைக்குப் பக்கத்தில் கோணிச் சாக்கு போர்த்தி உட்கார்ந்திருந்தது ஒரு ஜன்னல் ஏசி.

ரிசார்ட்டில் எல்லா ரூமுக்கும் புது ஏசி மாட்டியபோது பழையதில் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு என்று கெஞ்சி வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் ரூம் பாய். டென்த் பி நடப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில். ஜூன் மாதம், பள்ளி திறந்து ஒரு வாரம். கத்திரி வெயில் முடிந்ததாகக் காலண்டரில் போட்டிருந்தது. ஷெட்டுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

அந்த ஒரு வாரத்தில் என் மகளுக்கு இரண்டு தடவை மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை வெள்ளைத் தாவணி முழுக்க. அதற்குப் பிறகு மூன்று நாளாக வீட்டில்தான் இருந்தாள். “நான் இனிமே போமாட்டேன் நைனா” என்றாள். என் மனைவி, “மூணு நாள்தானே, உடம்பு தேறட்டும்” என்றாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. எட்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலைக்காக நான் எடுத்த லீவு இன்றுவரை முடியவில்லை. அதுவும் மூன்று நாளில்தான் ஆரம்பித்தது.

அதனால் அந்த ஏசி ஓடியே ஆக வேண்டும் என்று எனக்கு இருந்தது. அது ஓடாது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்து வயிற்றில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

தலைவர்தான் ஆரம்பித்தார். “கவர்மென்ட் ஸ்கூல்ல ஏசி. பேப்பர்ல வரும் சார். எம் போட்டோவும் வரும்.”

“டென்த் ஏ-வுக்கு இல்லாம பி-க்கு மட்டும்னா நாளைக்கே ரோட்டுல உக்காருவாங்க தலைவரே” என்றார் தலைமை ஆசிரியர். “அதவிட, கரண்ட் பில்ல எந்தக் கணக்குல எழுதறது? ஆடிட்ல வந்து, யாருக்கு ஏசின்னு கேட்டா?”

“புள்ளைங்களுக்குன்னு சொல்லுங்க.”

“நம்புவாங்களா? எனக்குன்னு நெனப்பாங்க.”

மீன்கார அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “எனக்கு இன்னொரு பேஜாரு கீது சார். பகலெல்லாம் ஏசில குந்திகினு வர்ற புள்ள, ராத்திரி எங்க வூட்டு ஓலைக்கடியில எப்டி தூங்கும்? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுன்னு கேட்டா, மீனுக்குப் போட்ற ஐஸ அவன் தலமேல கொட்டறதா?”

“ராத்திரி தூங்கலன்னா கவலப்படாதீங்க” என்றார் டீச்சர். “என் பீரியட்ல தூங்கிக்குவான். வேர்த்து வழியறப்பவே தூங்கறான். சில்லுனு இருந்தா போர்வை கேப்பான்.”

“டீச்சர், இது சாதா ஏசி இல்ல” என்றார் ரூம் பாய், சாக்கைத் தடவியபடி. “வெள்ளைக்காரங்க தூங்குன ஏசி.”

“பாத்தியா, இதுவும் தூங்கறதுக்குத்தான்” என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் தலைவர் என் பக்கம் திரும்பினார். “ஒயர்மேன், நீ இன்னா சொல்ற? தாங்குமா தாங்காதா?”

லைசென்ஸ் இல்லாத ஒயர்மேனிடம் அறிவாளிகள் கருத்துக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் தயங்கித் தயங்கி மூன்று விஷயம் சொன்னேன். ஷெட்டுக்குப் போகிற ஒயர், ரெண்டு ஃபேனுக்கும் ஒரு டியூப்லைட்டுக்கும் போட்டது. மத்தியானம் ஊரில் வோல்டேஜ் நூற்று எண்பதுக்கு மேல் நிற்பதில்லை. அப்புறம், ஷெட்டில் ஜன்னலுக்குக் கதவு கிடையாது, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. ஏசி போட்டால் குளிர் முழுக்கக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடும்.

“போவட்டுமே. பஸ்ஸுக்கு நிக்கறவன் வாழ்த்துவான்” என்றார் தலைவர். “வோல்டேஜ் இல்லன்றியே, பக்கத்துலயே அணுவ வெச்சி கரண்டு செஞ்சிகினு கீறாங்க. அது நமக்கு வராதா?”

“சமைக்கிறவ வூட்லதான் தலைவரே கடைசில துன்றாங்க” என்றார் அக்கா.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தபோது அந்தத் தாவணி கண்ணுக்கு முன்னால் வந்தது. “போட்டுத்தான் பாக்கலாம் சார்” என்றேன். என் வாழ்க்கையில் துணிந்து பேசிய வாக்கியம் அதுதான்.

பிள்ளைகளை ஷெட்டிலிருந்து வெளியே அனுப்பினோம். இரண்டு பெஞ்சை அடுக்கி, ஏசியின் முதுகு ஜன்னல் கம்பிக்கு நேராக வருகிற மாதிரி வைத்தோம். மெயின் போர்டிலிருந்து தடித்த ஒயரை நேராக இழுத்தேன். செருப்பு போட்டிருக்கிறேனா என்று மூன்று தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன். பக்கெட்டில் மணல் கொண்டுவரச் சொன்னேன். “யாகத்துக்கா?” என்று கேட்டார் டீச்சர். ஆனாலும் கொண்டுவரச் செய்தார்.

சுவிட்சைப் போட்டேன். முதலில் காற்று வந்தது. ஏசியின் வயிற்றில் பல வருடமாகக் குடியிருந்த கடற்கரை மணல் அந்தக் காற்றோடு வந்து தலைவரின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. வெளியே நின்ற பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தினார்கள். பிறகு கம்ப்ரசர் உறுமியது. எழுந்திருக்க முடியாத எருமை மாதிரி ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது உறுமலில் சாலைப் பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஏசி நின்றது. ஷெட்டின் ஃபேன் நின்றது. அதற்கப்புறம் ஊரில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு சத்தமும் நின்றுபோனது. எதுவென்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை.

தலைவருக்குத்தான் புரிந்தது. “ஐயோ, எம் மில்லு!”

டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போய்விட்டது. மில்லில் பாதி அரைத்த மிளகாயோடு ஒன்பது பெண்கள் நிற்பதாகத் தகவல் வந்தது. லைன்மேன் கடப்பாக்கம் பக்கம் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். நாங்கள் ஆறு பேரும் தலைகுனிந்து தலைமை ஆசிரியர் அறைக்கே திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

“ஆக, ஏசி இல்ல” என்றார் தலைமை ஆசிரியர். அவர் குரலில் ஆடிட்டில் தப்பித்த நிம்மதி இருந்தது. “அடுத்த வருஷம் பில்டிங் சாங்ஷனாகும். அதுவரைக்கும் பசங்களத் தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுவோம்.”

அடுத்த வருஷம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொண்டால் வேர்க்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். வேர்த்தால் ஆஸ்பத்திரி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நெற்றியைத் தொட்டேன். வேர்க்கவில்லை. தலைவரைப் பார்த்தேன். அவ்வளவு ஆத்திரத்திலும் அவருக்கும் வேர்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், எங்கள் தலைக்கு மேலே ஃபேன் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. மத்தியானம் ஒரு மணி. ஆறு பேர். ஒருவருக்கும் சொட்டு வேர்வை இல்லை.

அது பழைய காலத்துக் கட்டிடம். ஒன்றரை அடிச் சுவர், எட்டாத உயரத்தில் கூரை, இரண்டு பக்கமும் வேப்பமரம். ஒரு மேசை, நாலு பீரோ, உடைந்த குளோப், கோ-கோ கம்பு, இவற்றுக்காக இவ்வளவு பெரிய அறை.

“சார்” என்றேன்.

“இன்னாப்பா, இன்னொரு தடவ போட்டுப் பாக்கணுமா?” என்று தலைவர் சீறினார்.

“இல்ல தலைவரே. இந்த ரூம்புல ஃபேன் ஓடல.”

“கரண்ட்ட நீதான நிறுத்துன.”

“இல்ல, ஃபேன் ஓடல, ஆனா யாருக்கும் வேர்க்கல. பசங்கள இங்க ஒக்கார வெச்சா...” மீதியைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால், ஷெட்டுக்கு யார் போவது என்ற கேள்வி வரும்.

அதை மீன்கார அக்கா கேட்டுவிட்டார். “அதான சார்! நீங்க அங்க போங்க, புள்ளைங்க இங்க வரட்டும்.”

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “ரெகார்டெல்லாம் கீதும்மா. அத்தனையும் ஷெட்டுலயா வெக்கிறது?”

“ரெகார்டுக்கு மூக்குல ரத்தம் வருமா சார்?”

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் மெதுவாகச் சொன்னார்: “மூணு நாளா வரல சார் அந்தப் பொண்ணு. ஒம்பதாவது முழுப்பரீட்சைல கணக்குல தொண்ணூத்தி நாலு வாங்குன பொண்ணு.”

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். பீரோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார், கடைசியாக ஷெட் இருக்கிற திசையைக் கோயில் பக்கம் திரும்புகிற மாதிரி ஒரு தடவை பார்த்தார். “திங்கக்கெழம மாத்திக்கலாம்” என்றார். “ஆனா முப்பது பேருக்கு ஒரு ஃபேன் பத்தாது. ஒயர்மேன், இன்னொண்ணு மாட்டிக் குடு. கழகத்துல பணம் வாங்கிக்க.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்றேன். ஃபேன், ஷெட்டில் இருந்த ரெண்டில் ஒன்று. கொக்கி, ராடு, ஒயர், ரெகுலேட்டர் எல்லாம் செங்கல்பட்டுக் கடையில் என் கைக்காசில் வாங்கியவை. கொக்கியைப் பிடித்து நானே தொங்கிப் பார்த்தேன், தாங்கியது. திங்கட்கிழமை மகளைச் சைக்கிளில் கூட்டிப் போனேன். அவள் வாசலில் நின்று முதலில் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். அப்புறம் ஒரு காலை வைத்தாள். தரை சில்லென்று இருந்ததோ என்னவோ, மற்ற காலையும் வைத்து, சுவரோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தாள். “நீ போ நைனா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

தலைமை ஆசிரியர் ஷெட்டில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவருடைய கடிதங்கள் எல்லாம் மிகச் சுருக்கமாக இருந்தன என்று டீச்சர் சொல்வார்.

ஃபேன் மாட்டிய செலவு முன்னூற்று எண்பத்தைந்து ரூபாய். தலைவர் இருநூறு கொடுத்துவிட்டு, “மிச்சம் அந்த மொளகாய்க்கு” என்றார். போய்ச் சண்டை போடலாம்தான். ஆனால் பணம் கேட்டு, அவருக்குக் கோபம் வந்து, கூட்டம் கூட்டி, அறையைத் திரும்ப எடுத்துக்கொண்டால்? அவள் பரீட்சை முடியட்டும் என்று பொறுத்தேன். முடிந்தது. பிளஸ் ஒன்னும் அதே பள்ளியில்தான் என்றாள். சரி, அதுவும் முடியட்டும் என்று பொறுத்தேன். பாக்கி நூற்று எண்பத்தைந்து ரூபாய்.