வரைபடத்தில் எங்கள் ஊர்

சம்பா நடவு முடிந்த சமயம், எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் டாக்டர். கண் சிவந்து, கெண்டைக்கால் வலியில் நிற்க முடியாமல் வந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் சேற்றுப்புண் காலோடு நாளெல்லாம் நிற்பவர்களுக்கு வருவது அது.

சுகாதாரத் துறைக்கு உடனே தகவல் சொன்னோம். ஊரில் மாத்திரை கொடுத்தார்கள். எல்லோரும் பிழைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தியைத் தவிர. வெளியே ஒரு கிளினிக்கில் அவளுக்கு மஞ்சள்காமாலை என்று வைத்தியம் பார்த்து, நாள் கடந்துதான் கொண்டுவந்தார்கள்.

மற்ற டாக்டர்களும் இப்படித் தவறவிடக் கூடாதென்று மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினேன். அதைப் பரிசீலித்தவர், நோயாளிகள் வந்த இடங்களைக் காட்டும் வரைபடம் கேட்டிருந்தார். போட்டேன். தாலுகா பெயரோடு நிறுத்தியிருக்கலாம். ஊர்ப் பெயரையும் எழுதினேன். எங்கள் ஊர் அச்சில் வருவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கட்டுரை வந்த பிறகு வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். “மேடம், உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் ஒரு அம்மாவுக்கு இந்த டெஸ்ட் எடுத்தேன். இன்னைக்கு வீட்டுக்குப் போறாங்க.” அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது.

பிறகு ஒரு பத்திரிகை அந்தக் கட்டுரையைச் செய்தியாக்கியது, ஊர்ப் பெயரோடு.

அடுத்த நடவின்போது என் சித்தி கூப்பிட்டார். பக்கத்து ஊர்களுக்கு நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்.

“வண்டியெல்லாம் பேசியாச்சு பாப்பா. இப்ப வேணாங்கறாங்க. நம்ம ஆளுங்க எறங்குனா காய்ச்சல் ஒட்டிக்குமாம்.”

“அது மனுசங்ககிட்டேருந்து ஒட்டாது சித்தி.”

“எனக்குத் தெரியுது. அவங்களுக்கு யாரு சொல்றது?”

நானே போய்ச் சொன்னேன். பக்கத்து ஊர் நிலக்காரர் ஒருவர் காபி கொடுத்து உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது சரிதாங்க டாக்டர். எங்க ஊரு ஆளுங்க பயப்படுறாங்களே. மிஷின் நடவுக்குச் சொல்லிட்டேன்.”

அந்தப் பருவம் முழுவதும் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைமட்டை அடுக்கும் வேலைக்குப் போனார்கள். பழக்கமில்லாத கைகள் கிழிந்தன. சித்தியின் கைக்கு நான்தான் மருந்து போட்டேன். அப்போது கேட்டேன், “நான் எழுதியிருக்கக் கூடாதோ சித்தி?”

“எழுதாம எப்படி? நீ சொன்ன வேதாரண்யத்து அம்மா பொழைச்சுதுல்ல.” கையை இழுத்துக்கொண்டார். “எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

இப்போது கட்டுரை எழுதினால் முதலில் ஊரில் கேட்கிறேன், பெயர் போடுவதில்லை. அந்தப் பழைய கட்டுரையைப் புதிதாக வரும் டாக்டர்களுக்கு நானே படிக்கக் கொடுக்கிறேன், கொடுத்தாக வேண்டும். அவர்கள் வரைபடப் பக்கத்தைத் திருப்பும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.