நாற்பது பேராக இருந்தவர்

சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் இப்போது ஓய்வுபெற்ற நர்ஸாக இருக்கிறார். தோளில் ஒரு துண்டு. நர்ஸ் அம்மாவாக எழுதும்போது துண்டு வேண்டும், இல்லாவிட்டால் கை ஓடாது. சற்று முன்பு மலையேறும் இளைஞராக இருந்தார். அதை நின்றுகொண்டேதான் தட்டினார். சாயங்காலத்துக்குள் இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனாகி, பால் பற்களைப் பற்றிக் கவலைப்பட்டு, போகிற போக்கில் ஒரு பல் டாக்டரின் வலைத்தளத்துக்கு இணைப்பும் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பல் டாக்டர் அவருடைய வாடிக்கையாளர். இரட்டைக் குழந்தைகள் யாருடையவையும் அல்ல.

குடியிருப்பில் அவருக்குச் சிபாரிசு என்று பெயர். இணையத்தில் தேடினால் ஒரு கடை முதலில் வருவதும் இன்னொன்று எட்டாம் பக்கத்தில் தூங்குவதும் ஏன் என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் போதும், லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "நம்மளப் பத்தி நாமே பேசினா அது தம்பட்டம். நாலு பேர் பேசினா அது பேரு. வேற பக்கங்க எத்தனை உங்க பக்கத்தைக் கை காட்டுதுன்னு தேடுபொறி பாக்குது. கை காட்டுறது பெரிய மனுஷன்னா வெயிட் ஜாஸ்தி. வர்றவன் போறவனை எல்லாம் கை காட்டுற ஆளுன்னா அவன் பேச்சு பைசா பெறாது."

"சரி, இதுல உங்களுக்கு என்ன வேலை?" என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார்.

"அந்த நாலு பேரை நான் சப்ளை பண்றேன்."

நாலு அல்ல, நாற்பது. நாற்பது வலைத்தளங்கள், நாற்பது பொய் முகங்கள். வெட்கமெல்லாம் கிடையாது. ஆனால் தொழிலில் நிதானம் உண்டு. ஒரு வாடிக்கையாளருக்கு இன்று ஓர் இணைப்பு, மாதம் கழித்து இன்னொன்று, சொட்டு மருந்து மாதிரிதான் விடுவார். "அள்ளிக் கொட்டினா மாட்டிக்குவோம்" என்பார்.

வீட்டு விஷயத்திலும் இதே புத்திதான். காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர் கெட்டிக்காரர் என்று நோயாளிகளைக் கேட்க மாட்டார். ஒரு டாக்டரிடமே போய், "உங்க பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா யார்கிட்ட போவீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் காய்ச்சலைக் காட்டாமலே எழுந்து வருவார். விருந்துக்குப் போனால் எல்லோரும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, அவர் பக்கத்தில் போய் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

சிபாரிசின் மனைவி முன்னறையில் தையல் மெஷின் பழுதுபார்க்கிறார். நூல் ஏன் அறுகிறது, எண்ணெய் எங்கே விட வேண்டும் என்று தானே படம் எடுத்து ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். டெய்லர்கள், ஒரு கைத்தொழில் பள்ளி, நூல் விற்கும் கம்பெனி எல்லாம் கேட்காமலே அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். ஊரில் மெஷின் ரிப்பேர் என்று தேடினால் அவர்தான் முதலில். கணவர் கை வைக்காமலே இது நடந்ததில் கணவருக்குக் கொஞ்சம் ரோஷம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய தையல் மெஷின் ஷோரூம் வந்தது. அதன் பக்கம் ஏறி ஏறி மனைவியின் பக்கத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. சிபாரிசுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டவர், பெண்டாட்டிக்கு மட்டும் ஒரே வாரத்தில் நாற்பதையும் அள்ளிக் கொட்டினார். பாசம் வந்தால் தொழில் புத்தி போய்விடும் போல.

அந்த நாற்பதில் நர்ஸ் அம்மாவின் பாராட்டு மனைவியின் கண்ணில் பட்டது. அதன் கீழே அவர் எழுதினார்: "ரொம்ப சந்தோஷம்க்கா. இப்படி யாரும் சொன்னதில்ல." நர்ஸ் அம்மா பதில் எழுதினார்: "மங்கலான வெளிச்சத்துல வேலை பாக்காதம்மா. கண்ணு முக்கியம்." முன்னறையில் வெளிச்சம் போதவில்லை என்பது சிபாரிசுக்குப் பல வருஷமாகத் தெரியும். நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு தினமும் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள், நடுவில் ஒரே ஒரு சுவர்.

மாதம் முடிவதற்குள் தேடுபொறி நாற்பதையும் ஒரே கூட்டம் என்று கண்டுகொண்டது. மனைவியின் பக்கம் எட்டாம் பக்கத்துக்குப் போய் விழுந்தது. சிபாரிசு பதறி அன்றே இணைப்புகளை எடுத்தார். தேடுபொறியின் சந்தேகம் போகவில்லை. அதை நடத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதலாம்தான். நாற்பது பொய்ச் சாட்சிகளையும் வீட்டில் வைத்துக்கொண்டு எழுதினால் யார் நம்புவார்கள்? அழித்தால் தன் பிழைப்பு போச்சு. அழிக்காவிட்டால் மனைவியின் கடை போச்சு. துண்டைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஃபோன் அடிப்பது நின்றது. மனைவி புதிதாகப் படம் எடுத்தார், எல்லாவற்றையும் திருத்தி எழுதினார், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மத்தியானம் அக்காவுக்கு எழுதினார்: "என் வேலையிலதான் ஏதோ கொறை போலக்கா. கடையை மூடிடலாம்னு இருக்கேன்."

சிபாரிசு தோளிலிருந்த துண்டை எடுத்து வைத்தார். இந்தத் தடவை அவராகவே எழுதினார்: "உன் வேலையில கொறை இல்ல. நான்தான் கெடுத்தேன். அக்கான்னு யாரும் இல்ல. உள்ள சாப்பாட்டு மேஜைல இருக்கேன்."

மனைவி ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றார். சிபாரிசு தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"மொத்தம் எத்தனை பேரு நீங்க?"

"நாப்பது."

"எல்லாரையும் எடுங்க."

"என் கஸ்டமருங்க எல்லாம் இவங்களை நம்பித்தான்..."

"நான் யாரை நம்பினேன்?"

அவர் அழிக்கத் தொடங்கினார். மலையேறும் இளைஞர் போனார். இரட்டைக் குழந்தைகளின் தகப்பன் போனார். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா என்று திரை கேட்டது, அவர் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே வந்தார். கடைசியில் நர்ஸ் அம்மா மட்டும் மிச்சம். விரல் நின்றுவிட்டது.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கையை விலக்கிவிட்டு, அக்கா எழுதியதை எல்லாம் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். பிறகு அந்தப் பொத்தானைத் தானே அழுத்தினார்.