இடிந்த நகரம் கட்டிய வருடம்

சுடவைத்த கத்தி தெர்மாகோலில் இறங்கும்போது எழும் நாற்றம் சோறு தின்றாலும் நாக்கை விட்டுப் போகாது. ஓடைப்பட்டியில் நானும் செல்வியும் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க அந்த நாற்றத்தோடுதான் திரிந்தோம். பெங்களூரில் வேலைபார்த்த அவளுடைய சித்தப்பா, தான் விளையாடி அலுத்துப்போன ஒரு பெட்டிச் சிப்பாய்களை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் பொம்மைகள். மேஜையில் ஒரு நகரத்தைப் பரப்பி, பகடை உருட்டி, ஸ்கேலால் தூரம் அளந்து நகர்த்திச் சண்டைபோடும் விளையாட்டு அது. சிப்பாய்கள் ஒளிந்து சுடப் பாதிச் சுவர்கள் வேண்டும் என்பதால் அந்த நகரம் இடிந்துகிடக்க வேண்டும். எங்களிடம் சிப்பாய்கள் இருந்தார்கள், நகரம் இல்லை.

ஃபிரிட்ஜ் கடையில் தூக்கிப்போட்ட தெர்மாகோல், மரக்கடைப் பிளைவுட் துண்டுகள், ஓடை மணல், பசை என்று சேர்த்துக் கட்டத் தொடங்கினோம். அடிக்கு அடி சதுரப் பலகைகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் இடிந்த வீடு. எல்லாப் பலகையிலும் தெரு, பலகை விளிம்பின் நடுவிலேயே வந்து முடியும்படி வைத்ததால், எதை எதோடு சேர்த்தாலும் தெருக்கள் பொருந்தும், ஆட்டத்துக்கு ஆட்டம் புது ஊர் கிடைக்கும். என் அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “பொட்டப்புள்ளைக இடிஞ்ச வீட்டையா செஞ்சு வெளையாடுவீக? அந்த நொறுங்குன குப்பைய எடுத்து அங்கன போடுங்கடி” என்பாள்.

எங்கள் சுவர்களில் ஒரு குறை இருந்தது. உடைந்த இடமெல்லாம் பிளேடால் வெட்டியதுபோல நேராக இருந்தது. நிஜமாகச் சுவர் எப்படி உடையும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் சாலையை அகலப்படுத்தினார்கள். செல்வியின் வீடு சாலையை ஒட்டி இருந்தது. சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பொக்லைன் வந்து கோடு வரைக்கும் இடித்துத் தள்ளியது. அவள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்த முன்னறை போய், ஓர் அறையும் அடுப்படியும் மிஞ்சின. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். போக வேறு இடமில்லாததால், மிஞ்சிய அறையின் முன்னால் தார்ப்பாயைக் கட்டி, அதன் நிழலிலேயே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார்.

எழுதக் கூசுகிறது, எங்களுக்கு அந்த வீடு ஒரு வரமாகத் தெரிந்தது. தாளும் பென்சிலுமாகப் போய் நின்றோம். செங்கல் எப்படிப் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கிறது, நீலச் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் பழைய பச்சை எப்படித் தெரிகிறது என்று ஒன்றுவிடாமல் வரைந்தோம். மிஞ்சிய அறையின் சுவரில் மேலிருந்து கீழே இறங்கிய ஒரு விரிசலையும் அளந்தோம். முதல் தடவை அதில் பென்சில் முனைதான் நுழைந்தது. ஐப்பசி மழை இரண்டு வாரம் விடாமல் அடித்த பிறகு போனபோது என் சுண்டுவிரல் நுழைந்தது.

செல்வி குதித்தாள். “ஏடி, பெருசாயிருச்சுடி! இப்பத்தான் நெசமா இடிஞ்ச வீடு மாதிரி இருக்கு. பழச அழிச்சுட்டு வரை.”

அழித்துவிட்டு வரைந்தேன். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கணக்கு வகுப்பிலிருந்து செல்வியை வெளியே கூப்பிட்டார்கள். சாப்பிட உள்ளே போன மாமாவின் மேல் அந்தச் சுவர் விழுந்திருந்தது. செல்வியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்ததால் தப்பினார். ஊர்க்காரர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கைகளாலேயே கல்லை அள்ளினார்களாம். பயனில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நகரத்தை உடைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தத் தாள் எங்க? யாருக்காச்சும் காட்டுனியா?”

“இல்லடி.”

“காட்டாத.”

வாங்கி நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். அந்த மாதமே அத்தையும் அவளும் ஆண்டிபட்டிக்குப் போய்விட்டார்கள். பலகைகளை நான் ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டேன்.

இப்போது சாலை அகலமாக இருக்கிறது. அந்த வீடு நின்ற இடத்தில் தார் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று சொன்னால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நம்பமாட்டார்கள். செல்வி திருப்பூரில் இருக்கிறாள். தீபாவளிக்குப் பேசுவோம், அதைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். போன மாதம் ஆண்டிபட்டியில் அத்தையைப் பார்க்கப் போனேன். அந்த விரிசலைப் பற்றி இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், சோறு போட்டுக்கொண்டே அத்தை சொன்னார்:

“ஒங்க ரெண்டு பேரப் பத்தி ஒங்க மாமா சொல்லிக்கிட்டே இருப்பாக. வீடு இப்பிடி ஆயிருச்சேன்னு நான் அழுதுக்கிட்டுக் கெடக்கேன், நீங்க ஸ்கேலும் கையுமா செவத்த அளந்துக்கிட்டு நிப்பீக. ‘அழுகாத, ரெண்டும் இஞ்சினியராகி இந்தச் செவத்த எடுத்துக் கட்டிப்புடும் பாரு’ன்னு சிரிப்பாக.”

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அத்தை இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதையும் பிசைந்து சாப்பிட்டேன்.