வேனை நிறுத்தின இடத்தில் கர்த்தர் இரங்கினார்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, என் மனைவி கிரேஸின் நெஞ்சு நின்றுபோன ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் சாலமோன், தாயில்பட்டிக்காரன். பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறேன். கிரேஸும் அவள் தங்கை எஸ்தரும் அதே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். போன தீபாவளிக்கு முந்தின மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிரேஸ் என்னிடம், "தாடையெல்லாம் கடுக்குதுங்க. நெஞ்சு பாரமா இருக்கு" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயுவாத்தான் இருக்கும். சீசன் நேரத்துல லீவு போட்டா போர்மேன் ஏசுவாரு. ஒரு சோடா குடிச்சிட்டுக் கெளம்பு." இந்த வாயால்தான் சொன்னேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் கைகால் கழுவி, சேலையை உதறிவிட்டு வேனில் ஏறுவார்கள். அன்று கிரேஸுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையோடு, அலுமினியப் பொடி படிந்த கழுத்தோடு வந்து உட்கார்ந்தாள். கம்பெனியை விட்டு இரண்டு கிலோமீட்டர் வந்திருப்போம். "அக்கா! அக்கா! மூச்சே வரலையே!" என்று எஸ்தர் அலறினாள். திரும்பிப் பார்த்தேன். கிரேஸின் தலை தொங்கிவிட்டது.

சிவகாசி ஆஸ்பத்திரிக்கு எப்படியும் அரை மணி நேரம். முதலில் வேகமாகத்தான் மிதித்தேன். அப்போதுதான் ஒரு நர்ஸ் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால், கம்பெனியில் எங்கள் டிரைவர்களை உட்கார வைத்து, ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நின்ற இருதயத்தைக் கரண்டு கொடுத்து ஓடவைக்கும் ஷாக் பெட்டி ஒன்றையும் காட்டினார்கள். "மூச்சு நின்னுட்டா வண்டியில தூக்கிப் போட்டு ஓடாதீங்க. விழுந்த எடத்துலயே அமுக்குங்க" என்றார்கள். நான் அன்று பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவன்.

வேனை ஓரங்கட்டினேன். கிரேஸைத் தூக்கி ரோட்டோரத் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கத் தொடங்கினேன்.

"அத்தான், வண்டிய எடுங்க! எங்க அக்காவக் கொன்னுறாதீக!" எஸ்தர் என் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கிரேஸ் ஒருதரம் மீன் மாதிரி வாயைத் திறந்து இழுத்தாள். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு! இந்த ஆளுக்குக் கிறுக்கா?" என்று பெண்கள் கத்தினார்கள். அது மூச்சில்லை, சாகப்போகிற இழுப்பு என்று நர்ஸ் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கே சந்தேகம். நான்தான் அவளைக் கொல்கிறேனோ?

ஒருத்தி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "போர்மேனுக்குப் போடு, டைம் ஆபீஸ் சுவத்துல இருக்கிற ஷாக் பெட்டியக் கொண்டாரச் சொல்லு" என்று கத்தினேன். முதல் தரம் போனை எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை. எனக்கு ஜெபம் வரவில்லை. இருபது வருஷமாய்ச் சபையில் ஜெபித்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணை மூட முடியாது, கையைக் கூப்ப முடியாது. ஒவ்வொரு அமுக்குக்கும் "இயேசுவே, இயேசுவே" என்றேன். அவ்வளவுதான். விலா எலும்பு கையடியில் முறிகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டே அமுக்கினேன். தோள் செத்துப்போயிற்று. கை இறங்கவில்லை.

"ஆண்டவரே, என்னால முடியல" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அடித்துக்கொண்டிருந்த எஸ்தர் என் எதிரில் மண்டியிட்டாள். "தள்ளுங்க அத்தான், நான் அமுக்குறேன். எங்கன கை வைக்கணும், சொல்லுங்க" என்றாள். காட்டினேன். அவள் அமுக்கினாள். என் ஜெபத்துக்குக் கர்த்தர் அங்கேயே பதில் தரத் தொடங்கிவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது.

மூன்றாம் தரம் போர்மேன் முருகேசன் போனை எடுத்திருக்கிறார். பைக்கில் பெட்டியோடு பறந்து வந்தார். அடுத்த சோதனை அப்போதுதான். "உடம்பெல்லாம் வெடிமருந்துய்யா! கரண்டு வச்சா தீப்பிடிச்சுக்கும்!" என்று ஒரு அம்மா அலறினார். எல்லாரும் உறைந்துபோனோம். தீயில் எத்தனை பேரை வாரிக்கொடுத்த ஊர் எங்கள் ஊர்.

வேலைச் சட்டையைக் கழற்றித் தூர எறிந்தோம். குடிதண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, நெஞ்சைக் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்தேன். யாரும் சொல்லாமலே பெண்கள் முந்தானையை விரித்துச் சுற்றி நின்று மறைத்தார்கள். முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டி இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் சொன்னார். நான் இரண்டு ஒட்டுத்தாளையும் ஒட்டினேன்.

"எல்லாரும் கையெடுங்க. சாலமோனு, மின்னுற பட்டன அமுக்குய்யா."

விரல் போகவில்லை. எரிந்தால் நான்தான் என் மனைவியை எரித்தவன். "அப்பா, உம்மை நம்பி அமுக்குறேன்" என்றேன். அமுக்கினேன். அவள் உடம்பு ஒருதரம் துள்ளியது. தீ வரவில்லை. உயிரும் வரவில்லை. எஸ்தர் மறுபடி அமுக்கினாள், பிறகு நான், மறுபடி எஸ்தர். எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று கிரேஸின் கை எழும்பி எஸ்தரின் கையைத் தள்ளியது.

அந்த ரோட்டில் எழுந்த அழுகையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய், இருதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். "ரோட்டுலயே அமுக்கலைன்னா இங்க கொண்டுவந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார் டாக்டர். கிரேஸுக்கு அந்த நாளே ஞாபகமில்லை. கண் விழித்ததும், "நெஞ்சுல என்னத்தப் போட்டு இடிச்சீக? வலி உசுரு போகுது" என்றாள். சிரித்தேன். பிறகு வராண்டாவுக்குப் போய்த் தரையில் விழுந்து அழுதேன். காலையில் நான் சொன்ன வார்த்தைக்காகவும் அழுதேன்.

வெடி விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளிலும் ஜெபம் பண்ணினார்கள். அவர்களுக்கு ஏன் அப்படி, எங்களுக்கு ஏன் இப்படி? எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும். வார்த்தை ஒன்றுமில்லாத என் கூப்பிடுதலைக் கர்த்தர் கேட்டார். ஒரு கொழுந்தியாவின் கையாக, ஒரு போர்மேனின் பைக்காக, பெண்களின் முந்தானையாக வந்தார்.

இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அந்த நர்ஸ் அம்மா பொம்மையோடு நம் ஆலயத்துக்கு வருகிறார்கள். முன்வரிசையில் நான் இருப்பேன். நீங்களும் இருங்கள். ஆபத்தில் அவரை நம்பிக் கூப்பிடுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கூப்பிடுங்கள். கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.