தட்டு மாற்றும் நேரத்தில் வந்த தும்மல்

என் இரண்டு காதிலும் ஓட்டை. சின்ன வயதிலிருந்து சீழ் வடிந்து வடிந்து செவிப்பறை கிழிந்துபோனது. செனாய் டவுனில் ஃபேக்டரி வேலை. ஒருநாள் முதுகுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவள் கையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். சூப்பர்வைசர் தம்பி, "இப்படியே இருந்தா வேலையில வச்சிக்க முடியாதுக்கா" என்றான். அப்புறம்தான் ஆப்பரேஷனுக்குத் தலையாட்டினேன்.

முதலில் இடது காது. காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டால்தான் வலது காதைத் தொடுவோம் என்றார் டாக்டரம்மா. மலாய்க்காரர். வீட்டுக்கு அனுப்பும்போது, "ஜாங்கான் தாஹான் பெர்சின்" என்றார். நான் விழித்ததைப் பார்த்து, நம் ஜனத்து நர்ஸ் ஒருத்தி காதருகே கத்தினாள்:

"தும்மலை அடக்கக் கூடாதுக்கா! மூக்கைப் பிடிச்சீங்கன்னா காத்து உள்ள போயி ஒட்டுனதைத் தூக்கிரும். வாயைத் தொறந்து தும்மிருங்க லா."

இதென்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

காதில் பஞ்சு அடைத்திருந்தபோதே காஹாங் ஊரில் அக்கா மகளுக்குப் பரிசம் வைத்தார்கள். போகாமல் இருக்க முடியுமா? தட்டு மாற்ற இரு வீட்டாரும் எழுந்து நின்ற நேரம், யாரோ ஒரு புண்ணியவான் சாம்பிராணியை என் பக்கம் விசிறிவிட்டார். மூக்கு குறுகுறுத்தது. ஐயோ! தட்டு மாற்றும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் எங்கள் ஜனம் சும்மா விடுமா? நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தாலும் என் மூக்கைத்தான் சொல்வார்கள். அக்கா வேறு என்னையே முறைத்தாள். கை தானாகப் போய் மூக்கை இறுகப் பிடித்தது.

தும்மல் உள்ளேயே வெடித்தது. இடது காதுக்குள் 'டப்' என்றது.

தட்டு மாறியது, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதுக்குள் ஏதோ ஈரமாக இருந்தது. சீழா, இரத்தமா, வெறும் பயமா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றார் என் வீட்டுக்காரர். போனால், ஒட்டினது போச்சு என்று சொல்லிவிடுவார்களே! பஞ்சு எடுக்கும் நாள்வரை போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அதுவரை கொட்டாவி வந்தாலும் பயம். மிளகாய் தாளிக்கும் வாசம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். வேலை போய்விடும், வலது காதுக்கும் வழியில்லை, மிச்சக் காலம் செவிட்டுப் பட்டம்தான் என்று புலம்பியபடியே கிடந்தேன்.

டாக்டரம்மா பஞ்சை உருவி, கருவி வழியாக உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலிக் கையை நான் விடவில்லை.

"லெக்காட்" என்றார் கடைசியில். ஒட்டிக்கொண்டதாம். நான் மூக்கைப் பிடித்த விஷயத்தைச் சொன்னதும், "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார். இன்னும் கொஞ்ச காலம் அடக்கவே கூடாது என்று மறுபடி மிரட்டி அனுப்பினார்.

பிறகு ஒருநாள் கல்யாணப் புடவை எடுக்க அக்கா என் வீட்டிலிருந்து கிளம்பினாள். வாசலில் அவள் செருப்பு மாட்டும் நேரம் எனக்குத் தும்மல் வந்தது. சகுனமாவது மண்ணாவது! வாயைத் திறந்து வீடே அதிரத் தும்மினேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"சனியன், கெளம்புற நேரம் பாத்துத்தான் தும்முவா."

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

அக்கா அப்படியே நின்றாள். அப்புறம் செருப்போடு வீட்டுக்குள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.