இல்லாத மனைவியும் ஒரு பாஸ்போர்ட்டும்

இல்லாத மனைவியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பிவைத்த அறிவாளி நான். அதிலும் இரண்டு வருடங்களாக அவளுக்குப் பிரசவம் ஆகவே இல்லை.

படப்பையில் கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கிடைப்பது லேசில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போகும் தென்மாவட்டத்துப் பையன் என்றால் கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பிவிடுவார்கள். ஹாஸ்டலில் ஆறு பேருடைய சாக்ஸ் நாற்றம் தாங்காமல் ஒரு மாடி அறையைப் பார்க்கப் போனபோது, மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்கார அக்கா மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பிறகு ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை உறுதியானது. சுற்றுலா விசாவில் போய் அப்படியே தங்கிவிடலாம் என்று ஓர் ஏஜெண்ட் ஆசை காட்டினான். எனக்கோ கையில் டிக்கெட் இருக்கும்போதே பரிசோதகரைக் கண்டால் வியர்க்கும். நேர்வழியே போதும் என்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் மட்டும் உண்மையை எழுதினேன்: திருமணமாகாதவர்.

ஒரு நாள் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்துவிட்டார். முதல் ஷிஃப்ட் முடித்த சீருடையோடு படியில் நின்றேன். முன்பு எங்கே இருந்தாய் என்றார். பென்னலூரில் ஓர் ஓட்டு வீடு, ஒரகடம் ஹாஸ்டல், அப்புறம் இங்கே என்று ஒப்பித்தேன்.

அந்தப் பட்டியலை நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது. நான் இன்று வசிக்கும் ஜெர்மன் ஊரில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். முறையாக வந்தேன், முறையாகப் பதிகிறேன், மரியாதையாக நடத்துகிறார்கள்; குறையில்லை. ஆனால் அன்று பாயையும் பக்கெட்டையும் ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக மாறியபோது, நீ ஏன் இங்கே வந்தாய் என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை. டீக்கடையில் நின்று அரசாங்கத்தைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, நிம்மதியாகக் கம்பெனி பஸ் ஏறினேன். அதற்குத்தான் சுதந்திரம் என்று பெயர் என்பது அப்போது தெரியாது. பக்கெட்டின் கைப்பிடி உடைந்ததுதான் பெரிய துக்கம்.

ஏட்டு அக்கா பக்கம் திரும்பி, பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். அக்கா ஆமாம் என்றால் பாஸ்போர்ட் போச்சு, ஜெர்மனி போச்சு. நான் உண்மையைச் சொன்னால் அறை போச்சு. "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் ஆவல சார். நல்ல புள்ள, எழுதிக்கோங்க," என்றார் அக்கா.

ஏட்டு எழுதிக்கொண்டு கிளம்பினார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அக்காவிடம் கேட்டேன்.

"யக்கா, எனக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அக்கா கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு வருசத்துல ஒரு நாளாச்சும் போன்ல சண்ட போட்டியா நீ?"