பூ அனுப்பாத பவானி அக்கா

செய்தி வந்தபோது நான், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில், வோபர்ன் பகுதியின் ஒரு குறுக்குத் தெருவில், இரண்டு கார்களுக்கு நடுவே வாகனத்தை நிறுத்தப் பழகிக்கொண்டிருந்த ஒரு மாணவிக்குப் பக்கத்தில் இருந்தேன். சாரதிப் பயிற்சி கொடுப்பது என் தொழில். பாட நேரத்தில் தொலைபேசியைத் தொடமாட்டேன். அன்று அது விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் வாட்ஸப் கவிதைக் குழுவில் பவானி அக்காவின் மகள் எழுதியிருந்தார்: "அம்மா இன்று காலை போய்விட்டா." அதற்குக் கீழே கூப்பிய கைகள், ரோஜாக்கள், கண்ணீர் முகங்கள். ஒருவர் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று போட்டிருந்தார். அதை வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அக்கா இருந்திருந்தால் அந்த வரியைச் சும்மா விட்டிருப்பாரா? "அங்கிள், ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள் பிள்ளை. "ஓம், ஓம், பின்னுக்கு எடும்" என்றேன். பின்னால் நின்ற கார் அன்று தப்பியது அவளுடைய கெட்டித்தனத்தால். நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: டோர்செட் பார்க்கில் பன்னிரண்டாம் மாடியில் குடியிருந்தவர். குளிர்கால ஜாக்கெட் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தையல் சரிபார்ப்பவராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஜாக்கெட்டின் உட்புறத்தை வெளியே புரட்டி, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. "வெளிப்பக்கம் எல்லா ஜாக்கெட்டும் வடிவுதான் தம்பி" என்பார். கவிதையையும் அவர் அப்படிப் புரட்டித்தான் பார்த்தார். எங்கள் குழுவில் புத்தகம் போட்டவர் எவரும் இல்லை. பஸ் ஓட்டுபவர், பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருப்பவர், வீட்டோடு இருப்பவர், இப்படித்தான் நாங்கள். ஆனால் ஆளாளுக்குத் தான் ஒரு கவிஞர் என்ற எண்ணம் மட்டும் குறைவில்லை. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

அக்கா வருவதற்கு முன்பு குழு அமைதியாக இருந்தது. ஒருவர் கவிதை போடுவார். உடனே இருபது ரோஜாப்பூ விழும். "அருமை", "சிறப்பு", "மிகச் சிறப்பு." அடுத்தவர் போடுவார், மறுபடி பூ. நான் பனியைப் பற்றி ஒன்று எழுதிப் போட்டேன். வெள்ளைச் சேலை உடுத்த விதவை போலத் தெரு கிடக்கிறது என்று தொடங்கும். பூக்கள் விழுந்தன. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் மட்டும் பூ போடாமல் இப்படி எழுதினார்: "தம்பி, அந்த விதவையை விடும், பாவம், எல்லாரும் அவவை எழுதி முடிச்சிட்டினம். உம்மட வீட்டு வாசலில ஸ்னோ தள்ளுறது ஆர்? அவரை எழுதும்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பிழை சொல்லிப் பிழைக்கிறவன் நான். எனக்கு ஒருவர் பிழை சொல்லுவதா? அந்த நிமிடமே குழுவை விட்டு வெளியேறினேன். வெளியேறியதை எல்லோருக்கும் அறிவிக்கிற வசதி வாட்ஸப்பில் இருப்பது அன்று எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது. வீட்டில் மனைவியிடம் தொலைபேசியைக் காட்டி, "உந்த மனிசிக்கு என்ன தெரியும் எண்டு கேக்கிறன்!" என்று கத்தினேன். மனைவி வாசித்தார். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஏனென்றால் விடியற்காலை நான் வேலைக்குக் கிளம்ப முன்பு எங்கள் வாசலில் பனி தள்ளுவது அவர்தான். பதினான்கு வருடமாக அவர்தான். இரண்டு கிழமை வீம்பு பிடித்துவிட்டு, அதை எழுதினேன். எழுதிய பிறகு அதைக் காட்டுவதற்கு எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். திரும்பச் சேர்க்கச் சொல்லி அக்காவுக்கே செய்தி அனுப்பினேன். "வாரும்" என்ற ஒரு சொல்தான் பதிலாக வந்தது.

ஆனாலும் மனதுக்குள் புகைந்துகொண்டிருந்தது. அக்கா எப்போது கவிதை போடுவார் என்று காத்திருந்தேன். தொழிற்சாலையின் மதியச் சாப்பாட்டு மணியைப் பற்றி ஒன்று போட்டார். நான் இரண்டு நாள் மினக்கெட்டுப் பதினொரு குறை எழுதினேன், இலக்கம் போட்டு. மற்றவர்கள் இனி அடிபாடுதான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒன்பது குறைகளை ஏற்றுக்கொண்டு, இரண்டுக்கு மட்டும் காரணம் சொல்லி மறுத்து, திருத்திய கவிதையைப் போட்டார். கீழே இப்படியும் எழுதினார்: "குறை சொன்ன தம்பி இதை நாலு தரமாவது வாசிச்சிருக்கிறார். பூ அனுப்பின ஒருத்தரும் ஒருதரமும் வாசிக்கேல்லை." அன்றைக்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு குழுவில் பூ விழுவது குறைந்தது.

அவர் பிழையே விடாதவர் என்று எழுதினால் அது பொய். றிச்மண்ட் ஹில்லில் இருந்து அனுஷா என்ற இளம்பெண் குழுவில் சேர்ந்து, முதல் கவிதையைப் போட்டார். அக்கா எல்லோருக்கும் முன்னால் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டார். அனுஷா பதில் எழுதவில்லை, பிறகு எதுவுமே எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து அக்கா முகவரி கேட்டு வாங்கி, மூன்று பஸ் மாறி, அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். "நான் சொன்னது சரிதான் பிள்ளை. சபையில வைச்சுச் சொன்னதுதான் பிழை. அதுக்கு மன்னிப்புக் கேட்க வந்தனான்" என்றாராம். அனுஷா தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் மேசையடியில் உட்கார்ந்து அந்தக் கவிதையை முதல் வரியிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு புதியவர்களின் கவிதைக்கு அக்கா தொலைபேசியில் தனியாகத்தான் கருத்துச் சொன்னார்.

பிறகு நோய் வந்தது. வைத்தியம் இனிப் பயன் தராது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வருபவர்களுக்கு நினைவுமலர் என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். படம், தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் இரங்கற்பாக்கள். பெயரை மாற்றினால் இறந்துபோன எவருக்கும் அளவாக இருக்கிற பாக்கள். அக்கா குழுவில் எழுதினார்: "எனக்கு இனி மருந்து இல்லையாம். ஒருத்தரும் அழவேண்டாம். நான் செத்தாப் பிறகு மலரில போடுறதுக்கு நீங்கள் எல்லாரும் எழுதத்தான் போறியள். நீங்கள் எழுதப்போற கண்றாவியை அப்ப ஆர் திருத்துறது? இப்பவே அனுப்புங்கோ."

அரை நாள் கழித்து யாரோ ஒரு ரோஜாவைப் போட்டார். "மலர்வளையத்துக்கு இன்னும் நாள் இருக்கு. எழுதி அனுப்பும்" என்று அக்கா பதில் போட்டார். அதன் பிறகு ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள். அவரும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "வாடா மலர் எண்டு எழுதியிருக்கிறியள், நான் வாடிப்போய்த்தான் கிடக்கிறன், வந்து பாருங்கோ." "தமிழன்னை அழுகிறாளோ? அவவுக்கு வேற வேலை இல்லையே?" சிரித்துச் சிரித்துத் திருத்தினோம். திருத்தும்போது அழவும் செய்தோம்.

நான் மட்டும் அனுப்பவில்லை. அக்காவின் வீட்டுக்குப் போய், "நான் எழுதமாட்டன்" என்று சொன்னேன்.

"ஏன்?"

"நீங்கள் இருக்கேக்க எப்பிடி அக்கா எழுதுறது? நான் எழுதினால் நீங்கள் போயிடுவியள் எண்டு இருக்கு."

"உமக்கென்ன விசரோ? நீர் எழுதாட்டியும் போகத்தான் போறன். பிறகு நீர் தனிய இருந்து எழுதுவீர். திருத்த ஆளில்லாமல் அச்சுக்குப் போகும். அந்த மலரில உம்மட ஒண்டுதான் தையல் விட்டுப்போய் நிக்கும். சம்மதமோ?"

அக்காவை இழப்பதும், அக்காவின் கை படாத கவிதையை அக்காவுக்கே படைப்பதும் ஒன்றாக வரப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. முதலாவதைத் தடுக்க என்னால் முடியாது. மற்றதைத் தடுக்கலாம். ஒரு கிழமை எழுதினேன். கொண்டுபோய், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு வாசித்தேன். அதில் அக்கா விளக்காக இருந்தார், தாயாக இருந்தார், நிழல் தரும் மரமாகவும் இருந்தார்.

அவர் கண்ணை மூடியபடி கேட்டார். முடிந்ததும், "ஆரப்பா இந்த மனிசி? எனக்கு இவவைத் தெரியாது" என்றார். "நீர் கோவிச்சுக்கொண்டு குழுவை விட்டுப் போனதைக் காணேல்லை. பதினொரு குறை எழுதினதைக் காணேல்லை. நான் அந்தப் பிள்ளையை நோகடிச்சதைக் காணேல்லை. எல்லாத்தையும் போடும். நான் உதுதான்."

அங்கேயே இருந்து தொலைபேசியில் மாற்றி எழுதினேன். விளக்கு போனது, மரம் போனது. சண்டைகள் வந்தன. திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் கையைத் தூக்கி மறித்தார். அந்த வரி இது: "உங்களுக்குப் பயந்துதான் நான் நன்றாக எழுதினேன்."

"உது பொய். வெட்டும். நீர் எப்ப எனக்குப் பயந்தனீர்? எப்ப பார்த்தாலும் சண்டைக்கு நிண்ட ஆள்."

"பொய் இல்லை அக்கா. ஒவ்வொரு தரமும் பயந்தனான். கவிதையை அனுப்பேக்க எனக்குக் கை நடுங்கும். அனுப்பிப்போட்டு, நீங்கள் பதில் போடுமட்டும் சாப்பாடு இறங்காது. அந்தப் பயத்திலதான் சண்டை பிடிச்சனான்."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரியாமல் போச்சே தம்பி" என்றார். பிறகு, "அப்ப இருக்கட்டும். வெட்டவேண்டாம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வெட்டச் சொல்லி, நான் மறுத்து, அவர் விட்டுக்கொடுத்த வரி அது ஒன்றுதான். அடுத்த கிழமை அவர் போய்விட்டார்.

நினைவுமலரை அனுஷாதான் வடிவமைத்தார். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் அக்காவின் தூரத்து உறவினர் ஒருவர், வயதானவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரங்கற்பா ஒவ்வொன்றையும் வாசித்தார். வாசித்துவிட்டு அனுஷாவைக் கூப்பிட்டு, "பிள்ளை, நானும் எத்தினையோ மலர் பார்த்திட்டன். இப்பிடி ஒண்டு பார்க்கேல்லை. உதை ஆர் திருத்தினது?" என்று கேட்டார். "அவவேதான் அங்கிள்" என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினார் அனுஷா. அவர் படத்தைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், பிறகு எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். எங்கள் குழுவைச் சேர்ந்த எல்லோரும் அந்த மண்டபத்தில் இருந்தோம். அந்த நேரத்தில் எங்கள் முகங்களை யாராவது பார்த்திருந்தால் சாவீட்டுக்கு வந்தவர்கள் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அவ்வளவு பெருமையாக இருந்தது.

போன கிழமை ஒரு கவிதை எழுதினேன், அக்காவுக்குப் பிறகு முதலாவது. குழுவில் போடுவதற்குத் தொலைபேசியை எடுத்தேன். கை நடுங்கியது. யாருக்குப் பயப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு, போடாமல் வைத்துவிட்டு, முதல் இரண்டு வரிகளையும் வெட்டினேன். அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்த நடுக்கம்தான். அது நிற்கிற நாளில் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.